வலிப்பு நின்ற பிறகு வரும் மூர்க்கம்: பிடிக்காதீர்கள், பக்கத்தில் நில்லுங்கள்

வாசகர் கேள்விகளுக்கு, நரம்பியல் வார்டில் பணியாற்றி ஓய்வு பெற்ற செவிலியர் பதில் சொல்கிறார்.

வலிப்பு வந்தால் செய்ய வேண்டிய முதலுதவி பற்றிப் போன இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வேறொன்றைக் கேட்கின்றன: வெட்டு, அதாவது கை கால் வெட்டி இழுப்பது, நின்ற பிறகு அடிக்கிறார், கடிக்கிறார், ஓடுகிறார், என்ன செய்வது? வீட்டிலும் சரி, ஆஸ்பத்திரியிலும் சரி, இதைப் பற்றி யாரும் வாய் திறந்து பேசுவதில்லை. அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே.

*

வணக்கம்ங்க சிஸ்டர். என் வீட்டுக்காரருக்கு 38 வயசு, விசைத்தறி ஓட்டுகிறார். ஒரே நாளில் இரண்டு தடவை வலிப்பு வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கே வார்டிலும் ஒரு தடவை வந்தது. வெட்டு நின்றதும் எழுந்திருக்கப் பார்த்தார். நானும் கொழுந்தனாரும் வார்டு ஆளும் சேர்ந்து அமுக்கிப் பிடித்தோம். கொழுந்தனார் மூஞ்சியில் குத்திவிட்டார், என் கையைக் கடித்துவிட்டார். அப்புறம் இரண்டு கையையும் கட்டிலோடு கட்டிப் போட்டார்கள். தெளிந்ததும், "என்னை எதுக்குக் கட்டி வெச்சிருக்கீங்க" என்று அழுதார். குரலை உயர்த்திக்கூடப் பேசாத மனுஷர்ங்க. சொந்தபந்தமெல்லாம் புத்தி பிசகிருச்சுன்னு பேசறாங்க. இது பைத்தியமா?
— வாசகி, பல்லடம்

இல்லை அம்மணி, பைத்தியம் இல்லை. உங்கள் மேலோ தம்பி மேலோ அவருக்கு உள்ளுக்குள் இருந்த கோபம் வெளியே வந்துவிட்டது என்றும் யாராவது சொல்வார்கள், அதையும் நம்ப வேண்டாம். வலிப்பின்போது மூளை நரம்பணுக்களில் மின்னோட்டம் கட்டுமீறிப் பாய்கிறது. வெட்டு இரண்டு மூன்று நிமிடத்தில் நின்றுவிடும், ஆனால் மூளை அந்த நொடியே பழையபடி ஆகிவிடுவதில்லை. தறிக்குடோனில் கரண்ட் போய்த் திரும்பினால் எல்லாத் தறியும் ஒரே நேரத்தில் ஓடுமா, ஒவ்வொன்றாகத்தானே கிளப்புவீர்கள்? அந்த மாதிரிதான். கை கால் அசைவு முதலில் வந்துவிடும், கூடவே பயமும் வந்துவிடும். நான் எங்கே இருக்கிறேன், இவர்கள் யார் என்கிற தெளிவும், ஓங்கிய கையை நிறுத்துகிற நிதானமும் கடைசியில்தான் வரும்.

இந்த மயக்கநிலை பலருக்கு 5 நிமிடத்திலிருந்து அரை மணி நேரம் வரை இருக்கும். வயதானவர்களுக்கும், அடுத்தடுத்து வலிப்பு வந்தவர்களுக்கும் மணிக்கணக்கில் போகலாம். அந்த நேரத்தில் அவர் நிலைமையை நினைத்துப் பாருங்கள். தலை பிளக்கிற வலி, நாக்கு கடிபட்டு வாயெல்லாம் ரத்தம், உடம்பு முழுக்க அடித்துப் போட்ட வலி, கண்ணைத் திறந்தால் யாரென்றே புரியாத மூன்று பேர் மேலே விழுந்து அமுக்குகிறார்கள். யாராக இருந்தாலும் திமிறத்தான் செய்வார்கள். வலிப்புக்குப் பின்னால் நடக்கிற அடிதடியில் பெரும்பகுதி இப்படிப் பிடித்த கைகளோடு நடக்கிற போராட்டம்தான். ஆளைத் தேடிப் போய்க் குறிவைத்து அடிப்பது ரொம்ப அபூர்வம். நான் வார்டில் திரும்பத் திரும்பப் பார்த்தது இது: பிடித்திருந்தவர்கள் கையை எடுத்து இரண்டடி பின்னால் நகர்ந்ததும் பாதிப் பேர் தானாகவே தளர்ந்து படுத்துவிடுவார்கள்.

அதனால் அடுத்த முறை, வெட்டு நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். எழுந்து உட்கார்ந்தால் உட்காரட்டும். நடந்தால் நடக்கட்டும், நீங்கள் ஓரமாகக் கூடவே நடந்தால் போதும். மாடிப்படி, ஜன்னல், ரோடு, நெருப்பு, தண்ணீர்த் தொட்டி இந்தப் பக்கமெல்லாம் போகாதபடி இடையில் நில்லுங்கள், ஆனால் மூலையில் அடைத்து மடக்காதீர்கள். ஒருவர் மட்டும் பேச வேண்டும், அவருக்கு நன்றாகப் பழகிய குரலாக இருக்க வேண்டும். பேச்சும் சின்னதாக இருக்கட்டும்: "ஒண்ணுமில்லீங்க, ஆஸ்பத்திரியில இருக்கோம், நான் இங்கதான் இருக்கேன்." இதையே மெதுவாகத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். "என்னைத் தெரியுதா, நான் யாரு சொல்லு, இது எத்தனை விரல்" என்று ஆளாளுக்குக் கேள்வி கேட்டால் குழப்பம்தான் கூடும்.

கட்டிப் போட்டதைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், அதை விட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. வலிப்பு முடிந்தவர் மல்லாக்கக் கட்டப்பட்டிருந்தால், வாந்தி வந்தால் திரும்ப முடியாது, எச்சிலும் ரத்தமும் மூச்சுக்குழலுக்குள் போகும். குப்புறப் போட்டு அமுக்குவது இன்னும் மோசம், மூச்சே நின்றுபோகலாம். இன்னொன்று பலருக்குத் தெரியாது: பெரிய வலிப்பின்போது தோள்பட்டை மூட்டே விலகிவிடுவதுண்டு, முதுகெலும்பு நொறுங்குவதும் உண்டு. கையைத் தொட்டாலே அலறுகிறார், ஓங்குகிறார் என்றால் அது மூர்க்கமாக இல்லாமல் வலியாக இருக்கலாம். அந்தக் கையை இழுத்துக் கட்டினால் என்ன ஆகும்? மனநோயாளிகளுக்கான மருத்துவமனைகளிலேயே, 2017-ஆம் வருஷ மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லை என்றால் மட்டும்தான், மனநல மருத்துவரின் ஒப்புதலோடு, தேவைப்படும் நேரத்துக்கு மட்டும் கட்டலாம். தண்டனையாகக் கட்டக் கூடாது, ஆள் பற்றாக்குறை என்று காரணம் சொல்லியும் கட்டக் கூடாது என்று அந்தச் சட்டமே சொல்கிறது. அங்கேயே அப்படியென்றால், வலிப்புக்குச் சிகிச்சைக்கு வந்த மனுஷரை, அதைவிட இலேசான காரணத்துக்குக் கட்டுவதில் என்ன நியாயம்? அடுத்த முறை அட்மிஷன் போடும்போதே டாக்டரிடம் இதைப் பேசிவிடுங்கள். "நின்றதும் அமுக்கினால் திமிறுவார், விட்டுவிட்டால் அடங்கிவிடுவார், நான் கூடவே இருக்கிறேன்" என்று கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

*

சிஸ்டர், நான் ஈரோட்டில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ், வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறது. நைட் ட்யூட்டியில் எங்கள் வார்டுக்கு நானும் ஒரு ஆயாம்மாவும்தான். ஒரு பேஷன்ட் ஃபிட்ஸ் முடிந்ததும் ட்ரிப்பைப் பிடுங்கி எறிந்து ஆயாம்மாவைத் தள்ளிவிட்டார், என் கையில் கடித்துவிட்டார். எனக்கு இப்போது ஃபிட்ஸ் பேஷன்ட் என்றாலே பயமாக இருக்கிறது. தூக்க ஊசி போட்டுவிடுவதுதானே நல்லது?

முதலில் உன் கை. பல் பதிந்து தோல் கிழிந்திருந்தால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவியிருக்க வேண்டும், கேஷுவாலிட்டியில் காட்டியிருக்க வேண்டும், ஹெபடைடிஸ் பி தடுப்பூசி முழுசாகப் போட்டிருக்கிறாயா என்று பார்க்க வேண்டும். இன்னும் செய்யவில்லை என்றால் இதைப் படித்து முடிக்கும் முன்னால் போய்விட்டு வா தங்கச்சி. நடந்ததை எழுத்தில் கொடு. அந்த நோயாளி மேல் குற்றம் சொல்ல அல்ல, ராத்திரியில் ஒரு வார்டுக்கு இரண்டு பேர் போதாது என்பதற்கு நிர்வாகத்திடம் காட்ட வேறு ஆதாரம் கிடையாது. உன் பயம் நியாயமானது. அதை யாராவது இலேசாகப் பேசினால் காதில் வாங்காதே.

இப்போது வேலைக்கு வருவோம். வலிப்பு நோயாளி வார்டுக்கு வந்த அன்றைக்கே கூட வந்தவர்களிடம் ஒரு கேள்வி கேட்டுவிடு: "வெட்டு நின்னதுக்கு அப்புறம் எப்படி இருப்பாருங்க?" தூங்குவாரா, எழுந்து ஓடுவாரா, யார் குரலுக்கு அடங்குவார், எவ்வளவு நேரத்தில் தெளிவார் என்று எல்லாம் சொல்வார்கள். அப்படிப்பட்டவர் என்றால் நர்ஸ் டேபிளுக்குப் பக்கத்துக் கட்டில், தரைத்தளமாக இருந்தால் இன்னும் நல்லது, கட்டிலின் பக்கக் கம்பிகளுக்கு மெத்தென்று சுற்றி வை. கத்தரி, சில்வர் டம்ளர், சுடுதண்ணீர் ஃபிளாஸ்க், சாப்பாட்டுக் கேரியர் எதுவும் கைக்கு எட்டக் கூடாது. ட்ரிப் ஓடாத நேரத்தில் குழாயைக் கழற்றி, ஊசி இருக்கும் இடத்தை நன்றாகக் கட்டி மூடிவிடு. தொங்குகிற குழாய்தான் கண்ணில் பட்டுப் பிடுங்க வைக்கும்.

வெட்டு நின்றதும் தொந்தரவு இல்லாமல் செய்ய முடிகிறவற்றை முதலில் செய். விரலில் ஆக்ஸிஜன் அளவு, குளுக்கோமீட்டரில் சர்க்கரை. சர்க்கரை குறைந்தாலும் வலிப்பு வரும், மூர்க்கமும் வரும், 70-க்குக் கீழே என்றால் உடனே டாக்டரிடம் சொல். ஆக்ஸிஜன் மாஸ்க்கை முகத்தில் இறுக்கினால் திமிறுகிறார் என்றால் மூக்குப் பக்கமாகப் பிடித்துக் காட்டு. டிவியை நிறுத்தச் சொல், முகத்துக்கு நேரான விளக்கை அணை, பக்கத்துக் கட்டில்காரர்களின் கூட்டத்தைக் கலைத்துவிடு. அப்புறம், சிறுநீர் முட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார். எழுந்து எழுந்து ஓடப் பார்க்கிறவர்களில் பலர் தேடுவது பாத்ரூமைத்தான், அவர்களுக்கு அதைச் சொல்லத் தெரியாது. நேருக்கு நேர் நிற்காமல் பக்கவாட்டில், ஒரு கை நீளத்துக்கு அப்பால் நில், வாசல் உன் முதுகுப் பக்கம் இருக்கட்டும்.

தூக்க ஊசி விஷயம். எல்லோருக்கும் போடுவது நல்லதல்ல. பெரும்பாலும் தானே தெளிகிற நிலைமை இது, ஊசி போட்டால் தெளிவது தள்ளிப்போகும், மூச்சு குறையும், அதைவிட முக்கியமாக, உள்ளே வலிப்பு இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் அது நம் கண்ணுக்கே தெரியாமல் போய்விடும். ஆபத்து நீங்கவில்லை என்றால் டாக்டர் லோராசெபாம் அல்லது மிடசோலாம் எழுதுவார், போட்ட பிறகு மூச்சையும் ஆக்ஸிஜனையும் விடாமல் பார்க்க வேண்டும். சில சமயம் ஹாலோபெரிடால் குறைந்த அளவில் எழுதுவார்கள். குளோர்ப்ரோமசின் வலிப்பை இன்னும் தூண்டக்கூடியது, அது எழுதியிருந்தால் ஒரு தடவை கேட்டுக்கொள்.

அரை மணி நேரம் ஆகியும் கொஞ்சமும் தெளியவில்லை, வெறித்துப் பார்க்கிறார், உதட்டைச் சப்புக்கொட்டுகிறார், விரலால் துணியை நோண்டிக்கொண்டே இருக்கிறார் என்றால் வெட்டில்லாத வலிப்பு உள்ளே தொடரலாம், மூளையின் மின்னோட்டத்தைப் பதிவு செய்கிற இ.இ.ஜி. எடுத்தால்தான் தெரியும். வெட்டு 5 நிமிடம் தாண்டினாலோ, தெளியும் முன்னாலேயே அடுத்தது வந்தாலோ அது அவசரநிலை. காய்ச்சல், கழுத்து விறைப்பு, கீழே விழுந்து தலையில் அடி, ஒரு பக்கக் கை கால் அசையாதது, இவற்றையும் காத்திருக்காமல் டாக்டரிடம் சொல்.

இன்னும் ஒன்று, இதை ரொம்பப் பேர் கவனிப்பதில்லை. ஆஸ்பத்திரிக்குள் வருகிற வலிப்பில் கணிசமானது நாமே வரவழைப்பது. ஆபரேஷனுக்கு வெறும் வயிறு என்று வலிப்பு மாத்திரையையும் நிறுத்திவிடுகிறோம். ஒரு மடக்குத் தண்ணீரோடு கொடுக்கலாமா, இல்லை ஊசியாக மாற்ற வேண்டுமா என்று கேட்க வேண்டியது நம் வேலை. வலிக்குப் போடும் டிரமடால் வலிப்பைத் தூண்டலாம். மெரோபெனம் என்கிற கிருமிக்கொல்லி ஊசி, வால்ப்ரோயேட் என்கிற வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர் உடம்பில் அந்த மருந்தின் அளவை மளமளவென்று இறக்கிவிடும். இதையெல்லாம் கேட்கிற நர்ஸை டாக்டர்கள் மதிக்கத்தான் செய்வார்கள்.

*

எங்கள் மாமாவுக்கு வண்டியிலிருந்து விழுந்து கால் உடைந்து கோபியில் சேர்த்திருந்தோம். மறுநாள் வலிப்பு வந்தது. அதற்கு முன்னால் வந்ததே இல்லை. மூன்றாம் நாள் கை நடுங்கிக்கொண்டே, சுவரில் பூச்சி ஊருகிறது என்கிறார், கட்டைப் பிய்க்கிறார், தடுத்தால் அடிக்கிறார். தினமும் குடிப்பவர், அதை டாக்டரிடம் சொல்லவில்லை. இதுவும் நீங்கள் சொல்கிற அதே மயக்கம்தானா?

இல்லைங்க, இது வேறு. தினமும் குடித்த உடம்புக்குத் திடீரென்று சாராயம் நின்றால், கடைசியாகக் குடித்ததிலிருந்து 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம், இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் நடுக்கம், வியர்வை, இல்லாததைப் பார்ப்பது, மூர்க்கம் எல்லாம் வரலாம். கவனிக்காமல் விட்டால் உயிரே போகும். காத்திருந்து தெளிய வைக்கிற விஷயம் இல்லை, மருந்து கொடுத்தே ஆக வேண்டும், குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்னால் தயமின் என்கிற பி1 வைட்டமின் ஊசியும் போட வேண்டும். தலையிலும் அடிபட்டிருக்கிறதா என்று ஸ்கேன் பார்த்திருக்க வேண்டும். மானம் போகும் என்று நினைக்காதீர்கள், இப்போதே டாக்டரைத் தனியாகக் கூப்பிட்டு எவ்வளவு குடிப்பார், கடைசியாக எப்போது குடித்தார் என்று சொல்லிவிடுங்கள். நம் பக்கத்தில் பெரிய குடும்பங்களில்தான் இதை அதிகம் மறைக்கிறார்கள், எனக்கு அது ஆறாத வருத்தம்.

*

தம்பிக்கு 24 வயது, சின்ன வயதிலிருந்து வலிப்பு. ஆபரேஷன் செய்யலாமா என்று பார்க்க கோவையில் வீடியோ இ.இ.ஜி.க்குச் சேர்த்து மாத்திரையைக் குறைத்தார்கள். நாலு தடவை வலிப்பு வந்தது, பதிவு செய்துகொண்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். இரண்டு நாள் நன்றாக இருந்தான். மூன்றாம் நாள் தூங்கவில்லை, சிவன்மலை முருகன் தன்னிடம் பேசுகிறார் என்கிறான், சாப்பாட்டில் விஷம் வைத்திருக்கிறோம் என்று அம்மாவை அடிக்கப் போகிறான். பெரியவர்கள் அருள் என்கிறார்கள்.
— வாசகர், காங்கேயம்

இன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள், அதே ஆஸ்பத்திரிக்கு. அடுத்தடுத்து வலிப்பு வந்து, நடுவில் ஓரிரு நாள், சில சமயம் ஒரு வாரம் வரைகூட நன்றாக இருந்து, அப்புறம் இப்படி மாறுவது மருத்துவர்கள் நன்றாக அறிந்த நிலைமை. நடுவில் நன்றாக இருந்ததால்தான் வீட்டில் யாருக்கும் வலிப்போடு தொடர்புபடுத்தத் தோன்றுவதில்லை. முருகனைக் கும்பிடுகிற வீடுதான் எங்களுடையதும். ஆனால் தூக்கம் போய், அம்மா கையால் சாப்பிடப் பயப்படுகிற பிள்ளைக்குத் தேவை வைத்தியம்.

மற்ற கடிதங்களுக்கு நான் சொன்னது இங்கே பொருந்தாது. அந்த மயக்கத்தில் குறிவைத்து அடிப்பது அபூர்வம் என்றேன், இதில் அப்படி இல்லை, சந்தேகப்படுகிற ஆளைத் தேடிப் போய் அடிக்கலாம், தன்னையே மாய்த்துக்கொள்ளவும் துணியலாம். ஒரு நிமிடம்கூடத் தனியாக விடாதீர்கள், அரிவாள், கயிறு, பூச்சிமருந்து எல்லாவற்றையும் தோட்டத்துச் சாளையிலிருந்தும் எடுத்துவிடுங்கள், அம்மா கொஞ்சம் தள்ளி இருக்கட்டும். வர மறுத்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். சில நாள் மருந்திலேயே பெரும்பாலும் சரியாகிவிடும். வாதம் செய்யாதீர்கள், "முருகன் பேசலை" என்று நிரூபிக்கப் போகாதீர்கள், "டாக்டரைப் பார்த்துட்டு வந்துரலாம் சாமி" என்று மட்டும் சொல்லிக் கூட்டிப் போங்கள்.

*

மகள் பொள்ளாச்சியில் பி.காம். படிக்கிறாள். ஃபிட்ஸுக்கு லெவெடிரசெட்டம் ஆரம்பித்த பிறகு வலிப்பே வரவில்லை, ஆனால் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறாள், போனைத் தூக்கி எறிகிறாள். முன்பெல்லாம் இப்படி இல்லை. கல்யாணம் வேறு ஆக வேண்டும், பயமாக இருக்கிறது.

வலிப்பே வராத நாட்களிலும் கோபம் இருக்கிறது, மாத்திரை தொடங்கிய பின்தான் வந்தது என்றால் மாத்திரையைச் சந்தேகப்படுவது சரிதான். லெவெடிரசெட்டம் நல்ல மருந்து, ஆனால் சிலருக்கு எரிச்சலும் கோபமும் மனச்சோர்வும் தரும், பெராம்பனெல் என்கிற மருந்தும் அப்படித்தான். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், திடீரென்று நிறுத்தினால் விடாத வலிப்பு வந்து ஐ.சி.யு. வரை போக நேரிடும். டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார் அல்லது வேறு மருந்துக்கு மெதுவாக மாற்றுவார். சாகலாம் போல எப்போதாவது தோன்றியிருக்கிறதா என்று மகளிடம் நேராகவே கேளுங்கள். ஆமாம் என்றால் மறு செக்கப் வரை காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே போங்கள். 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கும். கல்யாணத்துக்கு வலிப்பு தடையில்லை. இந்து திருமணச் சட்டத்தில் இருந்த வலிப்பு என்கிற சொல்லை 1999-லேயே எடுத்துவிட்டார்கள்.

*

கையில் இரும்புச் சாவி கொடுக்கலாமா? — சென்னிமலை

வேண்டாம். வலிப்பு தானாக நிற்கிற நேரத்தில் சாவி கொடுப்பதால் சாவியால் நின்ற மாதிரித் தெரிகிறது. மூர்க்கமாக எழுந்திருக்கிறவர் கையில் இரும்பு இருந்தால் யார் கண்ணைக் குத்தும் என்று யோசியுங்கள்.

*

என் கணவருக்கு அந்த நேரத்தில் செய்ததெல்லாம் ஞாபகமே இருப்பதில்லை. போன தடவை எங்கள் பையனைப் பிடித்துத் தள்ளிவிட்டார், 7 வயசு. அதை அவரிடம் சொல்லலாமா, மறைப்பதா?
— வாசகி, அவிநாசி

சொல்லுங்கள், ஆனால் அன்றைக்கே வேண்டாம். நன்றாகத் தூங்கி எழுந்து, தலைவலி போய், சாப்பிட்ட பிறகு, தனியாக இருக்கும்போது சொல்லுங்கள். மறைத்தால் அக்கம்பக்கத்தார் வாயிலாகக் கேள்விப்படுவார், அது இன்னும் மோசமாக வலிக்கும். "நீங்க தெரிஞ்சு செய்யலை, நாங்க கிட்டப் போய்ப் பிடிச்சதால தள்ளிட்டீங்க" என்று நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். மறுபடி எப்படிச் சமாளிப்பது என்பதையும் அவரிடமே கேளுங்கள். யார் பக்கத்தில் இருக்க வேண்டும், எது பிடிக்காது என்று அவருக்குத்தான் தெரியும்.

பையனுக்கும் சொல்ல வேண்டும். அப்பாவுக்கு மூளை தூங்கி எழுகிற நேரம் அது, உன் மேல் கோபம் இல்லை, அப்போது நீ பக்கத்து வீட்டு ஆத்தாகிட்டப் போய்ச் சொல்லிட்டு அங்கேயே இரு என்று. குழந்தைக்கு ஒரு வேலை கொடுத்தால் பயம் குறையும், ஆபத்திலிருந்தும் விலகி இருப்பான்.

அடுத்த செக்கப்புக்கு முன்னால், முடிந்தால் போனில் வீடியோ எடுத்து வையுங்கள், வெட்டு மட்டும் போதாது, நின்ற பிறகு முழுசாகத் தெளியும் வரை. நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். டாக்டரிடம் போய் "ஃபிட்ஸ் வந்துச்சுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பாமல், பையனைத் தள்ளியதையும் சொல்லுங்கள். வலிப்பே வராதபடி மருந்தைச் சரிசெய்தால் இந்த மூர்க்கமும் வராது, அதற்கு டாக்டருக்கு இந்தத் தகவல் வேண்டும்.